எண்ணெய் குடிக்காத கை

மார்ச் 4

காலையில் டம்ளர் பறந்து வந்து கதவு நிலையில் பட்டது. பால் சுவரெல்லாம். நான் குனியக்கூட இல்லை. இடது கையால் எறிகிறான், குறி தப்புகிறது. வலது கையாக இருந்திருந்தால் என் நெற்றி பிளந்திருக்கும். வெல்டிங் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இரும்பு தூக்கிய கை அது. இப்போது மடியில் கிடக்கிறது, விரல்கள் உள்ளே மடங்கி, முட்டியாக.

என் வீட்டுக்காரனுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு ஏழு வாரம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சம் - "சனியனே." தண்ணீர் வேண்டுமென்றால் சனியனே. ஒன்றுக்கு வந்தால் சனியனே. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் சங்கடப்பட்டாள். "ரொம்பப் பழகின வார்த்தை மட்டும் சில பேருக்கு நின்னுடும்மா, தப்பா எடுத்துக்காதீங்க." நான் ஏன் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்? முப்பது வருஷமாக என் பேரே அதுதான்.

கொழுந்தன் மத்தியானம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணன் தானா சாப்பிட்டு, தானா சட்டை போட்டு, தானா கக்கூஸ் போயிட்டு வர்ற அளவுக்கு ஆயிட்டா நான் எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன் அண்ணி. அது வரைக்கும் நீங்கதான் பாக்கணும்." அது வரைக்கும் நான்தான். சரி.

நாளை முதல் எண்ணெய் தேய்க்கிறவர் வருகிறார். பயிற்சிப் பெண் ஒத்துக்கொண்டாள். "பயிற்சிய விடாம, அதோட சேத்துத் தேய்க்கலாம், இறுக்கம் கொறையும். தோள்பட்டையப் புடிச்சு மட்டும் யாரும் இழுக்கக் கூடாது."

(இது என் தையல் கடையின் பழைய அளவு நோட்டு. முன்பக்கத்தில் ஊரார் இடுப்பளவு, பின்பக்கத்தில் நான். வெளியே அவர், வந்தார், போனார். இங்கே மட்டும் அவன். இதற்காக அவனால் அடிக்க வர முடியாது.)

மார்ச் 5

எண்ணெய் தேய்க்கிறவரை எல்லாரும் பெருவிரல் என்றே கூப்பிடுகிறார்கள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வாய் ஓயாத ஆள். மடங்கிய விரல்களைக் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவன் எக்கி அவர் தோளைக் கடித்துவிட்டான். ரத்தம் வந்தது. பெருவிரல் அசரவில்லை. "பல்லு நல்லாருக்கு அண்ணே. பக்கவாதம் அங்க போகல." துண்டால் துடைத்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போனார்.

காலையில் அவர், சாயங்காலம் நான் என்று ஏற்பாடு. எண்ணெயை இரும்புக் கரண்டியில் சூடாக்க வேண்டும். முதல் சொட்டு என் மணிக்கட்டில். இரண்டாவது சொட்டு அவனுடைய நல்ல கையில். அதற்குப் பிறகுதான் வராத கைக்கு. இதைச் சொல்லும்போது மட்டும் பெருவிரல் சிரிக்கவில்லை. "செத்த பக்கம் பொய் சொல்லும்க்கா. கொதிக்கக் கொதிக்க ஊத்துனாலும் சும்மா கெடக்கும். தோலு வெந்து உரியும்போதுதான் நமக்கே தெரியும்."

என் இடது பக்கம் நின்று ஏதோ கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு வந்தார்.

"அந்தக் காது கேக்காதா?"

"கேக்காது."

"பொறந்ததுலேர்ந்தா?"

"கல்யாணத்துலேர்ந்து."

அப்புறம் என் சுண்டுவிரலைப் பார்த்தார். கோணலாகக் கூடிப்போன விரல்.

"இது?"

"கதவுல நசுங்கிருச்சு."

"ம்" என்றார்.  கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 6

சாயங்காலம் நான் தேய்த்தேன். கால் முடிந்தது, ஒரு மணி நேரம். பாதம், கணுக்கால், ஆடுசதை. கைக்கு வந்தேன். தொட முடியவில்லை. எனக்கே சிரிப்பாக இருக்கிறது - ஐந்து விரலும் மடங்கிய, ஈ ஓட்ட முடியாத கையைப் பார்த்து என் முதுகு சில்லிடுகிறது. அந்தக் கணுவில் இருக்கும் தழும்பு என் பல் பட்டது. அந்த மோதிர விரல்தான் என் காதில் முதலில் இறங்கியது.

கால் வரட்டும். கால் வந்தால் நான் அவனைத் தூக்க வேண்டாம், என் இடுப்பு பிழைக்கும். கை எதற்கு வரணும்? யாருக்கு வரணும்? துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 9

கால் மட்டும்.

மார்ச் 12

கால் மட்டும். பெருவிரல் கேட்டால் தேய்த்தேன் என்கிறேன்.

மார்ச் 15

எழுதலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று அந்தக் கையைக் கிள்ளினேன். சட்டை மாட்டும்போது, மேல்கையின் உள்பக்கம், நகம் பதிய. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. தெரியவே இல்லை. இன்னொரு தடவை. இன்னும் பலமாக. ஜன்னலில் காக்கா உட்கார்ந்திருந்தது, அதைத்தான் பார்த்தான்.

எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. பயமா, சந்தோஷமா. ரெண்டும்தான், பொய் எதுக்கு?

மார்ச் 17

தைக்கும் மேஜையிலிருந்து மர ஸ்கேலை எடுத்துப் போனேன். சாப்பாட்டை என் முகத்தில் துப்பியிருந்தான், அதற்காக. வலது கையை நாற்காலிக் கையில் வைத்தேன். எண்ணி அடித்தேன். பதினொன்று. கறிக்கடைக்காரன் மாதிரி, அவசரமே இல்லாமல். ஒவ்வொன்றுக்கும் எனக்குள் ஒரு வருஷம் சொன்னேன் - இது பாப்பா வயிற்றில் இருந்தபோது எட்டி உதைத்த வருஷம், இது காது போன வருஷம், இது விரல். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் கையில் அடி விழுவதைப் பக்கத்து வீட்டில் நடப்பதுபோலப் பார்த்தான். பிறகு "சனியனே" என்றான், மெதுவாக.

பதினொன்றோடு மூச்சு வாங்கிவிட்டது. வயசாகிவிட்டது எனக்கு.

மார்ச் 18

பெருவிரல் முழங்கைக்குக் கீழே இருந்த நீலத்தைப் பார்த்தார்.

"என்னக்கா இது?"

"கட்டில் கம்பில இடிச்சுக்கிட்டார்."

"உங்களக் கதவு, அண்ணனக் கட்டிலு. இந்த வீட்டுச் சாமானெல்லாம் ரொம்பத்தான் அடிக்குது."

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 22

மகள் போன். "விட்டுட்டு வாம்மா. இன்னும் என்னத்துக்கு அங்க கெடக்கற?" என்றாள். நடக்க முடியாதவனை விட்டுட்டு எப்படி வர்றது என்றேன். "அவரு உன்ன நடக்க முடியாம ஆக்கினப்போ எத்தன நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு?"  அவளுக்கு அப்பா போலவே கோபம், அம்மா போலவே ஞாபகசக்தி.

ஸ்கேல் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 27

கால் வந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த பயிற்சிப் பெண் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கட்டிலிலிருந்து நாற்காலி வரை நாலு எட்டு வைத்தான். அவள் கைதட்டினாள்.

பெருவிரல் மட்டும் தட்டவில்லை. அவள் போன பிறகு காலை ஒரு தடவு, கையை ஒரு தடவு தடவிப் பார்த்தார். "கால் நல்லா எண்ணெய் குடிச்சுருக்கு. கை பட்டினி. காலைல நான் பிரிச்சு வெக்கறேன், மறுநாள் வந்தா திரும்பவும் முட்டி. நீங்க தேய்க்கறீங்களா, இல்லையா?"

"தேய்க்கறேன்."

"அக்கா, என் கட்டைவிரல்கிட்ட பொய் சொல்ல முடியாது."

வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். உங்களுக்கு என்ன தெரியும், நீங்க ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போறவர், இந்தக் கை என்னென்ன பண்ணுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, இதுக்கு நானே எண்ணெய் ஊத்தி உயிர் குடுக்கணுமா என்று கத்தினேன். அவன் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பெருவிரல் பையை எடுத்தார். "கை வரலேன்னா சோத்த யார் ஊட்றது? நீங்கதான். சட்டையும் நீங்கதான். சாகுற வரைக்கும் நீங்கதான். யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

ஏப்ரல் 3

குளியலறையில் அவனைப் பிடித்து நிற்க வைத்திருந்தேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது. இடது கையால் என் முடியைப் பிடித்தான். பிடித்து - குழாயில். ஒரு தடவை. ரெண்டு. புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம். அவன் காலை நான்தான் தேய்த்து நிற்க வைத்தேன், அந்தக் காலை ஊன்றிக்கொண்டுதான் என்னை மோதினான். நிக்க வெச்சதே நான்தானே. நான்தானே!

நாற்காலியில் உட்கார வைத்தேன். புருவத்தில் துணி கட்டிக்கொண்டேன். கரண்டியை அடுப்பில் வைத்தேன்.

எண்ணெய் புகைந்தது.

மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத வந்தேன். மறக்கவில்லை. விடவில்லை.

வலது கையில் ஊற்றினேன்.

அவன் அலறினான். சனியனே இல்லை, சொல்லே இல்லை, வெறும் அலறல். ஜனவரியிலிருந்து மடியில் கிடந்த கை தானாக முக்கால் அடி மேலே எழும்பிப் பின்னால் போயிற்று. கரண்டி விழுந்தது.  பிறகு வாளித் தண்ணீரை அப்படியே தூக்கி அவன் கைமேல் கொட்டினேன், இன்னொரு வாளி, இன்னொரு வாளி. வீடெல்லாம் தண்ணீர். நானும் அலறிக்கொண்டிருந்தேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஏப்ரல் 4

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கை தவறிக் கொட்டிவிட்டது என்றேன். பயிற்சிப் பெண் குண்டூசியின் மழுங்கிய முனையால் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தான். "உணர்ச்சி திரும்பிருச்சும்மா! இது எப்பலேர்ந்துன்னு தெரியுமா?"

தெரியாது. அதுதான் தெரியாது. நேற்றா? போன வாரமா? ஸ்கேலா? அன்றைக்கு அவன் மெதுவாகச் சொன்ன சனியனே எந்தச் சனியனே?

பெருவிரல் வந்தார். முதலில் துள்ளினார். "சூடு தெரிஞ்சுருச்சா! அண்ணே, கை வந்துரும்!" அடுத்த நிமிஷம் என் புருவத்துக் கட்டைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். அதில் ஒரு சிவப்பும் இல்லை. கையை விட்டார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். 

ஏப்ரல் 6

சாயங்காலம் பஞ்சு எடுத்துக்கொண்டு போனேன், காலுக்கு மட்டும்தான். என் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் அவன் நாற்காலியோடு பின்னால், மூலைக்குத் தள்ளிக்கொண்டான். இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"வே... வேண்டாம்."

ரெண்டாவது சொல் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து.

அது என் சொல். இந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னது நான் மட்டும்தான். அதே மாதிரி, கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, அதே மூலையில். அவன் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். 

ஏப்ரல் 8

பெருவிரலிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கிள்ளினது, ஸ்கேல், கரண்டி. அவர் தலையை ஆட்டினார். "நான் போலீசும் இல்ல, சாமியாரும் இல்ல. ஆனா இனிமே நீங்க தேய்க்க வேண்டாம்க்கா. ரெண்டு வேளையும் நானே எப்படியாவது வந்துடறேன்."

"இல்ல. நான்தான் தேய்ப்பேன். கையையும்."

"எதுக்கு?"

"அது வந்தாத்தான் நான் போக முடியும். இங்கயே இருந்தா ஒண்ணு அவர் என்னக் கொல்லுவார், இல்லேன்னா நான் அவரக் கொல்லுவேன். ரெண்டாவதுதான் முன்னாடி நடக்கும்போல இருக்கு."

என்னை உற்றுப் பார்த்தார். "நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஒரு வாரம்" என்றார். "கரண்டி என் கையில."

ஏப்ரல் 9

முதல் சொட்டு என் மணிக்கட்டில், அவன் பார்க்க. இரண்டாவது சொட்டு அவன் இடது கையில். காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத் தலையசைத்தான். வெந்த இடத்தை விட்டுவிட்டு விரல்களை மட்டும் பிரித்தேன்.   பெருவிரல் கொட்டாவி விட்டுக்கொண்டே கவனித்தார், கண்கொத்திப் பாம்பு மாதிரி.

ஏப்ரல் 17

கட்டைவிரல் அசைந்தது.

ஏப்ரல் 29

புண் ஆறிவிட்டது. தோல் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக. அங்கேயும் தேய்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பந்தைப் பிடிக்கிறான், விடத்தான் தெரியவில்லை. பிடிப்பது சுலபம், விடுவதுதான் கடைசியில் வருமாம். பயிற்சிப் பெண் சொன்னாள்.

வேலைக்காரி வேலைதான் பார்க்கிறேன், அன்பு கின்பு ஒன்றும் இல்லை. யாராவது பார்த்தால் ஆஹா, என்ன பத்தினி என்பார்கள். போங்கடா.

மே 7

அவன் சட்டைகள் எல்லாவற்றிலும் பொத்தானை மாற்றினேன். பெரிய பொத்தான், ரூபாய் நாணயம் அளவு. துளைகளையும் வெட்டிப் பெரிதாக்கி ஓரம் அடித்தேன். கொழுந்தன் சொன்னது மறக்கவில்லை: தானா சாப்பிட்டு, தானா சட்டை போட்டு. சாப்பாடு ஆகிவிட்டது, பாதி சிந்தினாலும். கக்கூஸுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகப் போகிறான். இனி சட்டைதான்.

மே 15

மூன்று பொத்தான்.

மே 19

ஐந்தும். இருபத்திரண்டு நிமிஷம். மேலிருந்து கீழ் வரை ஒன்றைக்கூட விடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவன் முகம் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது. அப்போதும் அந்த முகத்தைத்தான் நம்பினேன். கொழுந்தனுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை வேன் கொண்டுவருகிறார்.

மே 22

இன்று பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டான், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. சரி பண்ணலாம் என்று கழுத்துப் பொத்தானில் கை வைத்தேன்.

அடித்தான். வலது கையால். கன்னத்தில், கேட்காத காதுப் பக்கம். "சனியனே."

முப்பது வருஷத்தில் அந்தக் கை கொடுத்த அடிகளிலேயே சின்னது அது. வலிக்கவில்லை. ஆனால் அடித்த கை உள்ளங்கை விரிந்து, ஐந்து விரலும் நீட்டி இருந்தது. இருபது நாளாகப் பந்தை விடத் தெரியாமல் இருந்த கை. அறைவதற்கு விரிந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் ஸ்கேல் என் கையில் இருக்கிறது. எப்போது எடுத்தேன்? தெரியவில்லை. ஓங்கிக்கூட இருக்கிறேன். அவன் "வேண்டாம்" என்று இடது கையைத் தூக்கினான். வலது கையையும் தூக்கினான். ரெண்டு கையும் சரிசமமாக முகத்துக்கு முன்னால் வந்து நின்றன.

ஸ்கேலை முழங்காலில் வைத்து உடைத்தேன். ரெண்டு துண்டையும் குப்பையில் போட்டேன். அப்புறம் பெருவிரலுக்குப் போன் போட்டேன்.

"கை வந்துருச்சு" என்றேன்.

உடனே கேட்டார், "அடி பலமாக்கா?"

மே 24

வேன் வந்தது. கொழுந்தனிடம் ஒரு காகிதம் கொடுத்தேன் - எந்த நேரம் பயிற்சி, எந்த நேரம் எண்ணெய். முதல் வரி: முதல் சொட்டு உங்கள் மணிக்கட்டில். பெருவிரல் வாரம் மூன்று நாள் அங்கே போகிறார்.

"நீங்க எப்ப அண்ணி வர்றீங்க?"

"வர மாட்டேன்."

"அது எப்படி அண்ணி? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"இத்தன வருஷமா அந்த நாலு பேரும் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான இருந்தாங்க? சத்தம் கேட்டுச்சான்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

வீட்டுச் சாவியையும் அவரிடமே கொடுத்தேன்.

அவன் தானாக நடந்துபோய் வேனில் ஏறினான். கதவை மூடும்போது வலது கையை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "வேண்டாம்" என்றான். "வேண்டாம். வேண்டாம்." கண்ணில் தண்ணீர். நானும் இதைத்தான்டா சொன்னேன், எத்தனை தடவை, எப்படியெல்லாம் சொன்னேன்! வாய்வரை வந்தது, சொல்லவில்லை. கம்பியிலிருந்து அவன் விரல்களைக் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். கதவை மூடினார்கள்.

மே 25

தையல் கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஓர் அடுப்பு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 11

காலையில் கண் விழித்தபோது என் வலது கை மடங்கியிருந்தது. முட்டியாக, நகம் உள்ளங்கையில் பதிந்து. தூக்கத்தில் யாரை அடித்தேனோ. ரொம்ப நாளாகவே இப்படித்தான் எழுந்திருக்கிறேன் போல, இன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. கரண்டியில் எண்ணெய் வைத்தேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சூடு சரியாக இருந்தது. கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தேன்.